செத்தவன் கல்யாணம்

மணலோடைப் போரில் கொற்றன் செத்துப்போனான் என்று செய்தி வந்த அன்று, செவ்வந்தி மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு வாய்கூட வைக்காமல் மூடிவிட்டாள். அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம்தான். இறங்கவில்லை.

கொற்றன் அவளுக்கு உறவு கிடையாது. குருவிமலை நாட்டுப் படையில் கொடி பிடிக்கிறவன். குருவிமலை நாடோ எந்த வரைபடத்திலும் இல்லாதது. ‘முடியும் குடியும்’ என்ற, இன்னும் வெளியாகாத கணினி விளையாட்டுக்குள் இருந்தது அது. செவ்வந்தி அந்த நாட்டின் அரசி.

அரசியாக இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே அதை விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது, எங்கே தொங்கி நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. கம்பெனி பெரியது ஒன்றுமில்லை. பீளமேட்டில், வெட் கிரைண்டர் விற்கிற கடைக்கு மேல் மாடி. கீழே யாராவது கிரைண்டரை ஓட்டிப் பார்த்து வாங்கினால் மேலே மேசைகள் லேசாக நடுங்கும். முதலாளி மயில்சாமி, குடும்பத்தின் மோட்டார் பம்பு தொழிலை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, “எனக்கு ராஜ்ஜியம் வேணும்” என்று இதை ஆரம்பித்தவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் அண்ணாதான்.

“சாப்பிடலியா?” என்று பக்கத்து மேசையிலிருந்து ஜெபராஜ் கேட்டான்.

“கொற்றன் செத்துட்டானுங்க ஜெபா.”

ஜெபராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தூத்துக்குடிக்காரன். விளையாட்டுக்குள் இருக்கிற அத்தனை மனிதர்களின் மூளையையும் எழுதியவன் அவன்தான். உழவன், குயவன், வண்ணாத்தி, தளபதி என்று ஆயிரக்கணக்கான பேர். ஒவ்வொருவருக்கும் பசி உண்டு, நினைவு உண்டு, பிடித்தவர் பிடிக்காதவர் உண்டு. வேறு எந்த விளையாட்டிலும் படைவீரன் என்றால் ஓர் எண்ணிக்கை. இதில் ஒரு ஆள்.

“அழுதியா?”

“கொஞ்சம்.”

“அப்ப நான் பாஸ்” என்றான்.

“சிரிக்காதீங்க. கல்யாணம் பண்ணிக்கறேன்னு அவன் எங்கிட்ட வந்து அனுமதி கேட்டான். நாந்தான் போர் முடியட்டும்னு சொல்லிட்டேன்.”

விளையாட்டில் அப்படி ஒரு விதி இருந்தது. புதிதாகக் கல்யாணமானவனை அந்த வருஷம் படைக்குக் கூப்பிட முடியாது. நல்ல கொடிக்காரனை விட மனமில்லாமல் செவ்வந்தி மறுத்திருந்தாள். பிறகு தூதன் வந்தான். வடகரைப் படை தோற்று ஓடியது, குருவிமலைக்கு வெற்றி, கொற்றன் நெஞ்சில் வேல் தைத்தும் கொடியைக் கீழே விடாமல் நின்று செத்தான் என்று சொன்னான்.

தூதன் சொல்லித்தான் எதுவும் தெரியும். அது மயில்சாமியின் பிடிவாதம். “அந்தக் காலத்து ராஜாவுக்கு என்ன சேட்டிலைட்டா இருந்துச்சு? ஆளு வந்து சொன்னாத்தான் தெரியும்” என்பார். அதனால் ஆடுகிறவருக்குத் தன் அரண்மனை மட்டுமே நேரில் தெரியும். மற்றதெல்லாம் தூதன் வாயிலாக. அவன் சொல்லச் சொல்ல, சொல்வதெல்லாம் திரையில் காட்சியாக விரியும். யானை பிளிறும், அம்பு பறக்கும், கொற்றன் விழுவான். பார்ப்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ‘இங்கே சாகிற ஒவ்வொருவனும் ஒரு மனிதன்’ என்பதுதான் விளம்பரம்.

அந்த வாரக் கடைசியில் வேறு ஒரு தொந்தரவு வந்தது. மழை பெய்தால் சில ஊர்களில் தென்னைமரங்கள் தரையைவிட்டு ஒரு முழம் மேலே மிதந்தன. இதைச் சரிபார்க்க, செவ்வந்தியிடம் மட்டும் ஒரு வசதி இருந்தது. நடைவழி என்று ஆபீசில் சொல்வார்கள். அரண்மனையைவிட்டு இறங்கி, யார் கண்ணிலும் படாமல், நாட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் நடந்துபோய்ப் பார்க்கலாம். விற்பனைக்குப் போகிற விளையாட்டில் அது இருக்காது.

அவள் ஒரு கிராமத்துக்குள் போய், தென்னைமரங்களின் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நாலாவது மரத்துக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டிருந்தது. வாழைமரம் கட்டியிருந்தது. கொட்டு முழங்கியது.

மணவறையில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தவன் கொற்றன்.

அவளுக்கு முதலில் தொழில்புத்திதான் வந்தது. ‘செத்தவர் உயிரோடு காணப்படுகிறார்’ என்று உடனே ஒரு பிழை பதிந்து, மும்பையில் பணம் போட்டிருக்கும் கம்பெனிக்குப் போகிற வாராந்தர அறிக்கையில் சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பந்தியைப் பார்த்தாள். ஆக்கிய குழம்பை வாளியில் எடுத்துக்கொண்டு இலை இலையாகப் பரிமாறியவர்கள் எல்லோரும் சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். வடகரை வீரர்கள்.

“ஜெபா,” என்றாள். “கொஞ்சம் இங்க வாங்க. எதிரி நாட்டுக்காரன் நம்மாளு கல்யாணத்துல பாயசம் ஊத்திட்டு இருக்கான்.”

ஜெபராஜ் நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தான். “செத்தான்னு குறி விழுந்திருக்காது. சின்னப் பிழைதான்” என்று கொற்றனின் பதிவுகளைத் திறந்தான். பிறகு, “இவன் சாகவே இல்லையே” என்றான். “போருக்குப் போயிருக்கான். ஆனா அங்க ஒருத்தனுக்கு நகக்கீறல்கூட இல்ல.”

“தூதன் வந்து மூவாயிரம் பேர் செத்தாங்கன்னு சொன்னானே?”

“வா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பாத்துருவோம்.”

விளையாட்டின் நாட்களைப் பின்னோக்கி ஓட்டி, மணலோடைக்குப் போனார்கள். இரண்டு படையும் வந்து சேர்ந்தன. எதிரெதிரே நின்றன. பிறகு ஆயுதங்களைக் குவித்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டின. ஒரு பக்கம் சேவல் சண்டை நடந்தது. இன்னொரு பக்கம் கயிறு இழுத்தார்கள். பெரும்பாலானவர்கள் மண்வெட்டியும் கூடையுமாக ஓடைக்குள் இறங்கி மண் வெட்டினார்கள். போருக்கென்று செவ்வந்தி கருவூலத்திலிருந்து ஒதுக்கிய நெல் முழுக்க அங்கே கூலியாக அளந்து போடப்பட்டது. மணலோடையில் ஒரு ஏரி உருவாகிக்கொண்டிருந்தது.

நடுவே ஒரு கூடாரம். உள்ளே குருவிமலை அமைச்சர் வேள்நம்பியும் வடகரை அமைச்சரும் வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

“சென்ற முறை வெற்றி உங்களுக்கு” என்றார் வேள்நம்பி. “இம்முறை எங்கள் அரசிக்கு வேண்டும். அவர் முகம் வாடியிருக்கிறது.”

“தாராளமாக. ஆனால் எங்கள் பட்டத்து யானை சாகக்கூடாது. எங்கள் மன்னருக்கு அதன்மேல் பிரியம் அதிகம். தாங்கமாட்டார்.”

“யானைக்குக் காதில் ஒரு காயம் போதும். சரி, யாரெல்லாம் சாகிறீர்கள்?”

கூடாரத்துக்கு வெளியே நின்ற கூட்டத்தில் நூற்றுக்கணக்கான கைகள் உயர்ந்தன. ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார்கள். முண்டியடித்து முதலில் வந்தவன் கொற்றன்.

“ஐயா, சென்ற முறையே கேட்டேன். இந்த முறை என்னைக் கட்டாயம் சாகவிடுங்கள்” என்றான். “செத்தவனுக்கு வரியில்லை, அடுத்த படைக்கும் அழைப்பில்லை. கல்யாணத்துக்கு அரசியின் அனுமதியும் வேண்டியதில்லை. அப்புறம், கொடியைக் கீழே விடாமல் செத்ததாகச் சொல்லுங்கள். நான் கட்டிக்கொள்ளப்போகும் மருதி கேட்டால் பெருமைப்படுவாள்.”

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கவேயில்லை. ஜெபராஜ் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாப் போரும் இப்படித்தானா?” என்று கேட்டாள்.

அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஆரம்பத்தில் இரண்டு போர்கள் நிஜமாக நடந்திருந்தன. நிஜமாகவே செத்திருந்தார்கள். மூன்றாவதில் ஒரு தூதன் பயந்துபோய், போர்க்களத்துக்குப் போகாமலேயே பொய்ச்செய்தி கொண்டுவந்திருந்தான். அரண்மனையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாட்டிலும் ஒரு போரும் நடக்கவில்லை.

“நான் அவங்களுக்குக் குடுத்தது ரெண்டே விஷயம்” என்றான் ஜெபராஜ். “ஒண்ணு, சாகப் பயம். இன்னொண்ணு, எதிர்ல இருக்கவன் மனசுல என்ன ஓடுதுன்னு யோசிக்கிற புத்தி. ராஜா கேட்டது சேதிதான், ரத்தம் இல்லன்னு அவங்களே கண்டுபிடிச்சிருக்காவ.”

“அப்ப அவங்க உயிருள்ளவங்களா?”

“கணக்குதான் செவ்வந்தி. எல்லாம் கணக்கு.” கொஞ்சம் நிறுத்தினான். “ஆனா கணக்கு பொய் சொல்லி நான் பாத்ததில்ல.”

மயில்சாமியிடம் சொன்னபோது அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “செத்தவனுக்கு வரியில்லையா? நல்லா இருக்குதே!” என்றார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. முகம் மாறியது.

“கண்ணு, நாம என்ன சொல்லி விக்கறோம்? சாகிற ஒவ்வொருத்தனும் மனுசன்னு. இங்க ஒருத்தனும் சாகவே இல்லைன்னா அது ஏமாத்து வேலை ஆயிருமே? வெளிய தெரிஞ்சா நாறிப்போயிரும். வெளியீட்டுக்கு ஒன்றரை மாசம்தான் இருக்குது. மும்பைல இருந்து அடுத்த வாரம் ஒரு அம்மா விளையாடிப் பாக்க வராங்க. அதுக்குள்ள சரி பண்ணுங்க.”

“என்னன்னு சரி பண்றதுங்கண்ணா?” என்றாள் செவ்வந்தி.

“சாகோணும். அவ்வளவுதான்.”

ஜெபராஜ் முதலில் சாவுப் பயத்தை எடுத்துப் பார்த்தான். விளையாட்டுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் எல்லோருடைய மனதிலிருந்தும் அந்த ஒன்றை மட்டும் நீக்கினான். போருக்கு உடனே போனார்கள். ஆனால் வேறு எதையும் செய்யவில்லை. பயமில்லாதவனுக்கு அறுவடை எதற்கு? விதைக்கவில்லை. கூரை ஒழுகினால் மாற்றவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கிற குழந்தையை எந்தத் தாயும் ஓடிவந்து இழுக்கவில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நாடு காலியானது. அந்த நகலை ஜெபராஜ் அவசரமாக மூடினான்.

அடுத்த வழி இன்னும் எளிது. செவ்வந்தியிடம் இருந்த நடைவழியை அரசராக ஆடுகிற எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. அரசர் போர்க்களத்தைத் தன் கண்ணால் பார்க்க முடியும் என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டால், பொய் சொல்ல வழியில்லை. நிஜமாகவே சண்டை போட்டாக வேண்டும். அதையும் ஒரு நகலில் போட்டு, தனியறைக்குள் போய் ஜெபராஜ் மட்டும் பார்த்தான். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

“எப்படி இருந்துச்சு?” என்றார் மயில்சாமி.

“நடக்குது அண்ணா. நல்லாவே நடக்குது.” தண்ணீர் குடித்தான். “கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருது. தூதன் சொல்ற மாதிரி இல்ல. ஒருத்தனும் கொடியப் பிடிச்சிட்டு நிக்கல. அம்மான்னு கூப்பிடுதானுவ. அம்மாவத்தான் எல்லாரும் கூப்பிடுதானுவ.”

கீழே கடையில் யாரோ கிரைண்டரை ஓட்டிப் பார்த்தார்கள்.

“வேற வழியில்ல தம்பி,” என்றார் மயில்சாமி கடைசியில். அவர் குரலும் இறங்கியிருந்தது. “புதன்கிழமைக்குள்ள அதையே போட்ருங்க.”

செவ்வந்தி தன் மேசைக்குப் போனாள். குருவிமலை அரண்மனையைத் திறந்து, அமைச்சர் வேள்நம்பியை அழைத்தாள். விளையாட்டில் அரசவையில் யாருடனும் வாயாலேயே பேசலாம். வேள்நம்பி கைகட்டி வந்து நின்றார். நரைத்த மீசை, கொஞ்சம் தொப்பை.

“எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?” என்றாள்.

அவர் அசையவில்லை. “எதைக் குறித்துக் கேட்கிறீர்கள் தேவி?”

“மணலோடை. கொற்றன் கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன்.”

வேள்நம்பி தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் குரலில் நடுக்கம் இருந்தது, ஆனால் குழைவு இல்லை.

“தேவி வெற்றி கேட்டீர்கள், கொடுத்தோம். புகழ் கேட்டீர்கள், அதையும் கொடுத்தோம். வீரக்கதை கேட்டீர்கள், என்னால் இயன்றவரை நன்றாகச் சொல்லச் செய்தேன். ஆட்களை மட்டும் கொடுக்கவில்லை. அவர்கள் வேறு வேலையில் இருந்தார்கள்.”

“நான் கொற்றனுக்காக அழுதேன், தெரியுமா?”

அமைச்சர் முகத்தில் முதல்முறையாக அதிர்ச்சி தெரிந்தது. “அழுதீர்களா?”

“ஆமா.”

“அது எங்களுக்குத் தெரியாது தேவி. எந்த அரசரும் ஒரு கொடிக்காரனுக்காக அழுததாக எந்த நாட்டிலிருந்தும் செய்தி வந்ததில்லை.” தயங்கினார். “தெரிந்திருந்தால் வேறு பெயரைச் சொல்லியிருப்போம். உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவனை.”

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. புதன்கிழமையிலிருந்து எல்லா அரசர்களுக்கும் கண் கிடைக்கப்போகிறது என்று அவரிடம் சொன்னாள். இனி எதையும் மறைக்க முடியாது என்றாள்.

“அரசர்களுக்குப் போர் எதற்கு தேவி? ஏரி வேண்டாமா? சாலை வேண்டாமா?”

“அது மட்டும் இருந்தா எங்காளுங்களுக்குப் போரடிக்குமுங்க.”

வேள்நம்பி குழம்பிப்போனார். “போரடிப்பது நல்ல காரியம்தானே? கதிரறுத்துக் களத்தில் போட்டு, மாடு கட்டிப் போரடிக்கிறோம். எங்கள் ஊரில் தை மாதம் முழுக்க அதே வேலைதான். எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்.”

“அந்தப் போர் இல்லீங்க” என்று செவ்வந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“செய்தியில் குறை இருந்தால் சொல்லுங்கள் தேவி,” என்றார் அவர் அவசரமாக. “இன்னும் நன்றாகச் சொல்லக்கூடிய தூதர்கள் இருக்கிறார்கள். வடகரையில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் போர் சொன்னால் கல்லும் உருகும். அவளை அழைத்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.”

அந்த வடகரைப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும் செவ்வந்திக்கு ஒரு யோசனை வந்தது. அவள் நேராக மயில்சாமியின் அறைக்குப் போனாள்.

“அண்ணா, ஒரே ஒரு வேண்டுகோளுங்க. நாம செஞ்சதை நீங்க இதுவரைக்கும் முழுசா விளையாடிருக்கீங்களா?”

“எனக்கு எங்க கண்ணு நேரம்? துண்டு துண்டாப் பாத்ததுதான்.”

“ஒரு நாள் முழுக்க விளையாடுங்க. பழசையே. இவனுக பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே விளையாடுங்க. நல்லா இல்லைன்னா, நானே ஜெபாகிட்ட சொல்லி மாத்தச் சொல்றேன்.”

மயில்சாமி வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். காலையில் வேங்கைத்துறை என்ற நாட்டுக்கு மன்னரானார். பத்து மணி டீயைக் குடித்தார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் அவர் அறையிலிருந்து பெரும் சத்தம் கேட்டது. செவ்வந்தியும் ஜெபராஜும் ஓடினார்கள்.

மயில்சாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. “என் கோட்டைய எரிச்சுட்டான்!” என்றார். “வடகரைக்காரன்! ராத்திரி ஆத்தக் கடந்து வந்திருக்கான், துரோகி. என் தளபதி காளத்தி ஒத்தக் கையோட வாசல்ல நின்னு அடிச்சிருக்கான். ஒத்தக் கை கண்ணு! தூது வந்த புள்ள சொல்லுது, எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு.”

“அண்ணா,” என்றாள் செவ்வந்தி மெதுவாக. “அது பொய்தானுங்களே? இந்தத் தடவை வடகரையோட முறை. பேசி வெச்சிருப்பாங்க. உங்க கோட்டை அப்படியே இருக்குமுங்க.”

“தெரியும்!” என்றார் மயில்சாமி. “பொய்யுன்னு நல்லாத் தெரியும். ஆனாலும் எரிச்சுட்டான்ல? விடமாட்டேன். அறுவடை முடியட்டும், அப்புறம் இருக்குது அவனுக்கு.”

சொல்லிவிட்டு அவரே நின்றார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயில்சாமி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்த இன்னொன்னு, நிஜமாச் சாகறது,” என்றார் ஜெபராஜிடம். “அதை யாராச்சும் ரெண்டாந்தடவை விளையாடுவாங்களா தம்பி?”

“நான் விளையாட மாட்டேன் அண்ணா.”

“நம்ம விளம்பரத்துல எழுதினது?”

“சாகிற ஒவ்வொருத்தனும் மனுசன்னு எழுதியிருக்கு. அது உண்மைதானுங்களே” என்றாள் செவ்வந்தி. “மனுசனா இருக்கறதுனாலதான் சாக மாட்டேங்கறாங்க.”

மயில்சாமி கன்னத்தைச் சொறிந்தார். “அந்த நடைவழியை வெளியில போற விளையாட்டுல இருந்து சுத்தமா எடுத்துட்டீங்கல்ல?”

“இன்னிக்கே எடுத்துருதேன்” என்றான் ஜெபராஜ்.

புதன்கிழமை மும்பையிலிருந்து வந்த அம்மையாரின் பெயர் சுலோச்சனா. ஆங்கிலத்தில் பேசத் தயாராக இருந்தவர்களை, “அரே, நான் தமிழ்தான். தாராவியில பொறந்தவ. பம்பாய்த் தமிழ், கொஞ்சம் கோணலா வரும்” என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். ஐம்பது வயதிருக்கும். விளையாட்டுத் தொழிலில் பணம் போடுகிற கம்பெனியில் பல விளையாட்டுகளைத் தூக்கி எறிந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பயம் உண்டு.

நாள் முழுக்க அவர் ராணியாக இருந்தார். யாருடனும் பேசவில்லை. கண்ணாடி வழியாகத் திரையையே பார்த்தார். ஒரு பெரிய போர் வந்தது. வடகரைப் பெண் வந்து, கைகளை விரித்து, அதைச் சொன்னாள். மயில்சாமி பின்னால் நின்று கைநகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். போர் முடிந்தபோது சுலோச்சனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தது கண்ணாடியை மட்டும்தானா என்று செவ்வந்தியால் சொல்ல முடியவில்லை.

“சரி,” என்றார். “ஒரு கேள்வி இருக்கு. போன வார ரிப்போர்ட்டில ஒரு பிழை இருந்துச்சு. செத்த ஆள் உயிரோட தெரியறான்னு. க்யா ஹுவா, என்னாச்சு அது? சரி பண்ணியாச்சா?”

செவ்வந்தி மயில்சாமியைப் பார்த்தாள். அவசரப்பட்டுப் பதிந்தது அவளேதான்.

“பண்ணியாச்சுங்க மேடம்” என்றார் மயில்சாமி.

“சுத்தமா” என்றான் ஜெபராஜ்.

சுலோச்சனா செவ்வந்தியைப் பார்த்தார். “நீங்க செக் பண்ணீங்களா?”

மூன்று பேரும் நிற்கிற விதம், கை கட்டியிருக்கிற விதம்கூட, வேள்நம்பி நிற்பதைப் போலவே இருப்பதாக அவளுக்குப் பட்டது. “பண்ணினேனுங்க மேடம்,” என்றாள். “இப்ப செத்தவங்க யாரும் கண்ணுல படறதில்லை.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

“அச்சா. ரொம்ப நல்லது.” அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மயில்சாமி காருக்குப் போன் செய்யப் போனார். வழியனுப்ப செவ்வந்தி கூடவே படியிறங்கினாள். கிரைண்டர் கடை வாசலில் கார் வரும்வரை இருவரும் நின்றார்கள்.

“பழைய வெர்ஷனை எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அனுப்பினாங்க,” என்றார் சுலோச்சனா திடீரென்று. “வீட்ல தினம் விளையாடினேன். என் தளபதி ஒருத்தன், நல்ல பையன், ஆத்தங்கரைப் போர்ல செத்துப்போனான். நான் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அப்புறம் ரெண்டு அறுவடை போச்சு. அவன் பொண்டாட்டி தர்பாருக்கு வந்தா. கைல ஒரு மாசக் குழந்தை.”

செவ்வந்தி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“செத்து ரெண்டு வருஷம் ஆனவனுக்கு ஒரு மாசக் குழந்தை” என்றார் சுலோச்சனா. “அந்தப் பொண்ணும் சட்டுனு புரிஞ்சுக்கிட்டா, மாட்டிக்கிட்டோம்னு. அப்படியே நடுங்கிட்டு நின்னா. என் மந்திரி மேல கூரையைப் பாத்தான்.”

“நீங்க என்னங்க பண்ணீங்க?”

“என்ன பண்றது? குழந்தைக்கு ஒரு வளையல் குடுத்து அனுப்பினேன். அப்பா யாருன்னு கேக்கலை.”

கார் வந்து நின்றது. சுலோச்சனா கதவைத் திறந்தார்.

“மேடம், அப்ப உங்க கம்பெனில என்ன சொன்னீங்க?”

“மேல உக்காந்திருக்கறவங்களுக்கா? சண்டை சூப்பர், சாவு எல்லாம் அசல் மாதிரி இருக்குன்னு எழுதினேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.” உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். அதுவரை செவ்வந்தி பார்க்காத ஒரு வெட்கச் சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

“பொம்பளைக் குழந்தை,” என்றார். “என் பேரைத்தான் வெச்சிருக்காங்க.”